நாகவல்லியைக் கொண்டுவந்தவர்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் கலையையும் திகிலையும் ஒரே மூச்சில் பேசினால் வந்து விழும் பெயர் ஜிம் தாம்ஸன். 1948இல் பாங்காக்கில் தாய்ப் பட்டு நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கர். பழைய தேக்கு வீடுகள் ஆறைப் பிரித்தெடுத்து வந்து ஒரே வீடாகப் பூட்டி, அதைப் புத்தர் சிலைகளாலும் ஓவியங்களாலும் பழம்பீங்கான்களாலும் நிரப்பியவர். 26 மார்ச் 1967, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தானா ராத்தாவுக்கு அருகிலுள்ள மூன்லைட் பங்களாவிலிருந்து வெளியே நடந்தவர் திரும்பவில்லை. போலீசார், ராணுவத்தினர், காட்டை உள்ளங்கையாய் அறிந்த பூர்வகுடியினர், பொமோக்கள் எனப்படும் மலாய் மந்திரவாதிகள், கடல்கடந்து வந்த குறிசொல்லி என எல்லோரும் தேடினார்கள். ஒரு துணி நூல்கூடக் கிடைக்கவில்லை. அதே மலையின் லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்துக்கும் தேயிலைச் சரிவுக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்கு இது ஊர்க்கதை. மேல்மலைக்குப் போகும் ஒவ்வொரு பயணியும் கேட்கும் கதையும் இதுதான்.

தாம்ஸன் ஒரு சேகரிப்பாளர். அவர் வாங்கிவைத்திருந்த பழஞ்சிலைகள் சிலவற்றைத் தாய்லாந்தின் நுண்கலைத் துறை 1962இல் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. நாட்டின் சொத்து தனியார் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அரசின் வாதம். அந்தச் சிலைகள் எந்தக் குகையில், எந்தச் சுவரில் இருந்து பெயர்க்கப்பட்டன, அவற்றை வணங்கியவர்கள் மறுநாள் காலை எதைக் கண்டார்கள் என்பதைப் பற்றி யாரும் திகில் கதை எழுதவில்லை. காணாமல்போன சேகரிப்பாளரைப் பற்றியோ அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

சேகரிக்கப்பட்டவளின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட ஒரு திகில் படம் நம்மிடம் இருக்கிறது. ஃபாசில் இயக்கி 1993 டிசம்பரில் வெளிவந்த மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. மது முட்டம் எழுதியது. தமிழர்களில் பெரும்பாலோர் அதை அதன் வழித்தோன்றலான 'சந்திரமுகி' (2005) வழியாகவே அறிவார்கள். இந்தப் படத்தைப் பேய்ப்படம் என்றும் மனநோய்ப் படம் என்றும் இரண்டு வரிசையில் வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். எனக்கு அது முதன்மையாகக் கலையுலகத்தைப் பற்றிய படம். ஒரு நடனக்காரியை வாங்க முடியும், பூட்டிவைக்க முடியும், படமாக்கிச் சுவரில் மாட்ட முடியும் என்று நம்பிய ஓர் உலகத்தைப் பற்றிய படம்.

கதை தெரிந்ததுதான். நகுலனும் அவன் மனைவி கங்காவும் கல்கத்தாவிலிருந்து மாடம்பள்ளி என்ற பூர்வீக மாளிகைக்கு வருகிறார்கள். அங்கே தெக்கினி என்ற தென்பகுதி பூட்டிக்கிடக்கிறது. முற்காலத்தில் அந்த வீட்டின் காரணவர், அதாவது குடும்பத்தலைவர், சங்கரன் தம்பி தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்ற நடனக்காரியைக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார். அவள் விரும்பியதோ அருகில் குடியிருந்த ராமநாதன் என்ற ஆடல்கலைஞனை. அதை அறிந்த காரணவர் ஒரு துர்க்காஷ்டமி இரவில் அவளைக் கொன்றார். கங்கா அந்தப் பூட்டைத் திறக்கிறாள். நகைகளும் சலங்கையும் முழுவுருவ ஓவியமும் உள்ளே காத்திருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குள் நாகவல்லி குடியேறுகிறாள், அல்லது கங்கா நாகவல்லிக்குள் குடிபோகிறாள்.

நாகவல்லியைப் பார்வையாளர்கள் முதலில் சந்திப்பது ஓவியமாகத்தான். அந்த ஓவியத்தின் முகம் கங்காவாக நடித்த ஷோபனாவின் முகம் அல்ல. இது இயக்குநரின் நுட்பமான முடிவு. ஓவியத்தில் ஷோபனாவையே வரைந்திருந்தால் மறுபிறவிக் கதையாகிப் போயிருக்கும். தனக்குச் சற்றும் ஒப்பில்லாத ஒரு முகத்தை ஒருத்தி நாள்தோறும் பார்த்துப் பார்த்து அதுவாகவே ஆகும்போதுதான் உடம்பு சில்லிடுகிறது. கலைப்பொருளின் முன் நெடுநேரம் நின்றிருக்கும் எவருக்கும் அந்த ஈர்ப்பு கொஞ்சமாவது பழக்கம்.

மேற்கத்தியத் திரையில் கலையுலகத் திகிலுக்கு ஒரு நீண்ட வரிசை உண்டு. 'த ரெட் ஷூஸ்' (1948), 'பீப்பிங் டாம்' (1960), 'சஸ்பிரியா' (1977), 'பிளாக் ஸ்வான்' (2010), ஓவியச் சந்தையையே கொலைக்களமாக்கிய 'வெல்வெட் பஸ்ஸா' (2019). 'பிளாக் ஸ்வான்' நாயகியையும் 'த ரெட் ஷூஸ்' நாயகியையும் கலைதான் தின்கிறது. முழுமையைத் தேடி ஆடி ஆடியே அழிகிறார்கள். கங்காவின் நிலை நேர் எதிர். அவளை நடனக்காரியாக அந்த வீட்டில் ஒருவரும் அறிந்ததில்லை. படித்தவள், கதைப்பிரியை, கணவன் வேலையில் மூழ்கிக்கிடக்கும்போது தனியே விடப்பட்டவள். ஆடாத ஒருத்திதான் இரவில் ஆடுகிறாள்.

படத்தின் பகுதிகள் திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுக்கப்பட்டன. பத்மநாபபுரம் அரண்மனை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில், தமிழ்நாட்டு மண்ணில், கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. அங்கே சுவாதித் திருநாள் காலத்தது என்று சொல்லப்படும் நாடகசாலை உண்டு. கருங்கல் தூண்கள், கண்ணாடியாய்ப் பளபளக்கும் கருந்தரை. ஓரத்தில் மரச்சட்டங்களால் ஆன ஒரு மறைப்பு. அரண்மனைப் பெண்கள் அதன் பின்னால் நின்று, தாங்கள் பார்க்கப்படாமல் ஆட்டத்தைப் பார்ப்பதற்கான ஏற்பாடு. ஒரே கூரையின் கீழ் இரண்டு வகைப் பெண்கள். தரையில் நிற்பவளை எல்லோரும் பார்க்கலாம், ஆனால் அவளுக்கு அந்த வீட்டில் உரிமை கிடையாது. மரத்திரைக்குப் பின்னால் நிற்பவளுக்கு வீடு உண்டு, தரையில் கால்வைக்க அனுமதி இல்லை. கங்கா அந்த மரத்திரையின் பின்புறத்தைச் சேர்ந்தவள். நாகவல்லி தரையைச் சேர்ந்தவள். இருவரையும் ஒரே உடம்பில் வைத்ததுதான் மது முட்டத்தின் சாதனை.

தஞ்சாவூரிலிருந்து மலையாள நாட்டுக்கு ஆடல்கலை போன பாதை கதாசிரியரின் கற்பனை இல்லை. தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் இரண்டாம் சரபோஜியின் அவையில் இருந்தவர்கள். இன்றைய பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்தவர்கள் அவர்களே. இளையவரான வடிவேலு திருவிதாங்கூர் சென்று சுவாதித் திருநாளின் (ஆட்சி 1829–1846) அவையில் இடம்பெற்றார். 1834இல் அரசர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அந்த அரசரோடு சேர்த்து சுகந்தவல்லி என்ற தஞ்சாவூர் நடனக்காரியின் பெயரும் சொல்லப்படுகிறது. அது வரலாறும் வாய்வழிக்கதையும் கலந்து கிடக்கும் பெயர். நட்டுவனாருக்குக் கிடைத்த வயலினுக்குத் தேதி இருக்கிறது. ஆடியவளுக்குத் தேதி இல்லை. பதவர்ணங்கள் என்ற ஆடல் உருப்படிகளில் கேட்பதும் புரவலரின் பெயரையோ தெய்வத்தின் பெயரையோதான். அவற்றைத் தன் உடம்பால் உயிர்ப்பித்தவளின் பெயர் அங்கே இல்லை.

1855இல் தஞ்சையின் கடைசி மராத்திய மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் கும்பினி அரசு நாட்டை விழுங்கியது. அவையை நம்பியிருந்த கலைஞர்கள் சென்னைக்கும் பிற சமஸ்தானங்களுக்கும் சிதறினார்கள். அதே நூற்றாண்டின் இறுதியில் ரவி வர்மா மைசூர் மன்னருக்காக ஓர் ஓவியம் தீட்டினார். இந்தியாவின் பல பகுதிகளின் உடையணிந்த 11 பெண்கள், இசைக்கருவிகளோடு, ஒரே சட்டகத்துக்குள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள். நாடு முழுவதிலிருந்தும் பெண்களைக் கொண்டுவந்து ஒரே கூடத்தில் சேர்த்துவைக்கும் ஆசை அந்தச் சட்டகத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. நகைகளின் ஒவ்வொரு மணியும் துல்லியம். முகங்களில் மகிழ்ச்சி இல்லை. கலை வரலாற்றாளர்கள் அதை இந்திய ஒற்றுமையின் சித்திரமாகப் பேசியிருக்கிறார்கள். எனக்கோ தெக்கினியின் சுவரில் மாட்டியிருக்கும் நாகவல்லியின் மூத்த உறவுக்காரிகளைப் பார்ப்பதுபோலவே இருக்கிறது.

லெம்பா பெர்த்தாமிலிருந்து இந்தப் படத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு கோணம் இருக்கிறது என்று நம்புகிறேன். 1885இல் வில்லியம் கேமரன் அளந்த இந்த மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் தமிழர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பலர் தஞ்சாவூர், திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கங்காணிமார் வழியாகத் திரட்டப்பட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். எங்கள் வீடுகளில் மூத்தவர்கள், "கொண்டாந்து விட்டுட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். நாகவல்லியின் கதையைக் கேட்டதும் தோட்டத்துப் பெண்களுக்கு அதில் பேயைவிட முதலில் பிடிபடுவது அந்தக் கொண்டுவருதல். தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி, மொழி தெரியாத ஊரில், இன்னொருவர் சொத்தான வீட்டில், திரும்பிப்போக வழியில்லாமல் கிடந்தாள் என்பது அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. தோட்டத் தொழிலாளியையும் அரசவை ஆடற்பெண்ணையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். அவள் பட்டணிந்தாள், இவள் கொழுந்துக்கூடை சுமந்தாள். எழுதிவைக்கப்படாமல் போனதில் மட்டும் இருவருக்கும் உறவு.

கங்காவும் ஒருவகையில் கொண்டுவரப்பட்டவளே. பெற்றோர் கல்கத்தாவில், அவள் கேரளத்துக் கிராமத்தில் பாட்டியின் மடியில், பாட்டியின் கதைகளில். திடீரென ஒருநாள் அவளைப் பிடுங்கி நகரத்துக்குக் கொண்டுபோக வந்தபோதுதான் மனத்தில் முதல் விரிசல் விழுந்தது என்று மனநல மருத்துவரான டாக்டர் சன்னி கண்டுபிடிக்கிறார். இடம்பெயர்க்கப்பட்ட ஒருத்தி, இடம்பெயர்க்கப்பட்ட இன்னொருத்தியின் வலியை அடையாளம் கண்டுகொண்டாள்.

மலையாளப் படத்தில் பேய் தமிழ் பேசுகிறது. உச்சக்கட்டப் பாடலின் தமிழ் வரிகளை எழுதியவர் வாலி. பேசிக்கொண்டிருக்கும் மலையாளம் நின்று, கங்காவின் தொண்டையிலிருந்து கனத்த தமிழ் கிளம்பும் கணம் கேரளத்துப் பார்வையாளர்களை நடுங்கவைத்தது. நமக்கு அது தாய்மொழி. அச்சத்தோடு ஒரு பரிவும் சேர்ந்து எழுவதை நம்மால் தடுக்க முடியாது. பி. வாசு இதைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) ஆக்கியபோது நடனக்காரி ஆந்திரத்துக்காரி ஆனாள். 'சந்திரமுகி'யிலும் அவள் தெலுங்குதான் பேசினாள். பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' (2007) எடுத்தபோது வடநாட்டு மாளிகையில் வங்காளத்து மஞ்சுளிகா வந்தாள். ஒவ்வொரு மொழியும் தன் பேயை அண்டை மொழியில் பேசவைத்தது. ஆடுகிறவள் நம் வீட்டுப் பெண்ணாக இருக்கவே கூடாது என்ற பிடிவாதம் இதில் இருக்கிறது. அவள் எங்கிருந்தோ வந்தவள், ஆகவே அவளுக்கு நடந்தது நம் வீட்டுப் பெண்ணுக்கு நடக்காது. அந்த ஆறுதலைத்தான் படம் உடைக்கிறது. வந்தவளின் குரல் வீட்டு மருமகளின் வாயிலிருந்தே வருகிறது.

'சந்திரமுகி' இந்த உடைப்பைப் பாதியில் கைவிட்டது என்பது என் வருத்தம். ஜோதிகா உடம்பை உருக்கி நடித்தார், அதில் குறையே சொல்ல முடியாது. படம் சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கும் மேல் ஓடியது. ஆனால் ரஜினிகாந்தே வேட்டையன் என்ற அரசனாகவும் தோன்றியதில் கதையின் எடை இடம் மாறியது. நடனக்காரியைக் கவர்ந்துவந்து, அவள் காதலனின் தலையை வெட்டி, அவளை உயிரோடு எரித்த அரசனுக்குக் கைத்தட்டல் கிடைத்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திருவிழா மேடையில் போலச்செய்து காட்டியது அவனுடைய "லகலக"வைத்தான். மூலப்படத்தில் சங்கரன் தம்பி நினைவில் நிற்கும் ஆளே இல்லை. அவரைப் பற்றிப் பேசுவார்கள், நினைவில் தங்குவதோ நாகவல்லி மட்டும். புரவலர் கைத்தட்டலையும் வாங்கிக்கொள்வதென்பது கலையுலகின் பழைய வழக்கம்.

இனி, குணமாக்கும் முறைக்கு வருகிறேன். படத்தின் மிக ஆழமான பகுதி இதுதான். அமெரிக்காவில் அச்சாகும் மனநோய் வகைப்பாட்டு நூல் 1980இல் பன்முக ஆளுமைக் கோளாறைத் தனி நோயாகச் சேர்த்தது. 1994 பதிப்பில் அந்த நோயின் பெயரே மாறியது. 2013 பதிப்பு, சில பண்பாடுகளில் இது ஆவி பிடித்தலாக உணரப்படுகிறது என்பதையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் படித்த சன்னியும் தாந்திரீகரான பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாடும் ஒரே அறையில் உட்கார்ந்து கலந்தாலோசிக்கும் காட்சியை 1993இல் சிலர் அறிவியலுக்கு எதிரானது என்று சொல்லியிருக்கக்கூடும். 20 ஆண்டுகள் கழித்து மருத்துவ நூலே அந்த அறைக்குள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டது.

சன்னி மருந்தை நம்பவில்லை, மேடை போடுகிறார். துர்க்காஷ்டமி இரவில் நாகவல்லி முழுமையாக ஆடுகிறாள். பிறகு சங்கரன் தம்பியாக நிறுத்தப்பட்ட நகுலனை வெட்ட வாள் தரப்படுகிறது. கடைசி நொடியில் புகையும் சாம்பலும் கண்ணை மறைக்க, ஆளுக்குப் பதில் பொம்மை வெட்டுப்படுகிறது. பழி தீர்கிறது, ஆவி அகல்கிறது.

மலேசியாவின் கிழக்குக் கரையில் இதற்கு மிக நெருக்கமான ஒரு சிகிச்சை இருந்தது. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வழங்கிய 'மாயின் புத்ரி'. ரெபாப் என்ற நரம்புக்கருவி இசைக்க, தோக் புத்ரி எனப்படும் ஆட்டக்கார வைத்தியர் இரவு முழுக்கப் பாடி, நடித்து, நோயாளியை மயக்கநிலைக்கு இட்டுச்செல்வார். மானிடவியலாளர் கரோல் லேடர்மன் 1970களில் திரெங்கானுவில் தங்கி அதைப் பதிவுசெய்து 1991இல் நூலாக்கினார். அந்த மரபின் அடிப்படை நம்பிக்கை வியப்பானது. ஒவ்வொருவரும் உள்ளே ஒரு காற்றோடு பிறக்கிறார்கள். ஆடவும் பாடவும் ஆளவும் போராடவும் தூண்டும் அந்தக் காற்றுக்கு வெளியேற வழி கிடைக்காவிட்டால் அது உள்ளேயே தேங்கி உடம்பையும் மனத்தையும் கெடுக்கும். ஆட்டக்காரியின் காற்று உள்ளவள் ஆட முடியாமல் போனால் நோயில் விழுவாள். மயக்கத்தில் அவளை எழுப்பி அந்த ஆட்டக்காரியாகவே ஆடவைத்தால் நோய் இறங்கும். கங்காவுக்கு என்ன நோய் என்று ஒரு தோக் புத்ரியைக் கேட்டிருந்தால் ஒரே இரவில் சொல்லியிருப்பார். மாயின் புத்ரிக்கு உறவான மாக் யோங் நாடகத்தை 2005இல் யுனெஸ்கோ போற்றி அறிவித்தது. அதன் தாயகமான கிளந்தானில் 1991 முதல் அதற்குத் தடை இருந்தது, 2019இல்தான் நிபந்தனைகளோடு தளர்ந்தது. ஒரு மாநிலம் முழுவதும் அந்தக் காற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு பூட்டிவைக்கப்பட்டது.

தமிழ்நாட்டுப் பேயோட்டுதலும் நாடகம்தான். பம்பையும் உடுக்கையும் முழங்க, பூசாரி பேயிடம் ஊர் கேட்பார், பெயர் கேட்பார், என்ன வேண்டும் என்று கேட்பார், போகிறேன் என்று சத்தியம் வாங்குவார். எங்கள் தோட்டத்துக் காளியம்மன் கோயிலிலும் சாமி வந்தவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இஸபெல் நபகோவ் என்ற மானிடவியலாளர் தென்னார்க்காட்டுப் பக்கம் ஆய்வு செய்து 2000இல் எழுதிய நூலில் கசப்பான ஒரு முடிவுக்கு வந்தார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பலர் மணவாழ்க்கையில் ஒட்டாத இளம்பெண்கள், சடங்கின் இறுதிப் பயன் அவர்களைக் கணவன் வீட்டோடு மீண்டும் கட்டிவைப்பதே என்பது அவர் வாதம். அய்ஹ்வா ஓங் 1987இல் வெளியிட்ட நூல் சிலாங்கூர்த் தொழிற்சாலைகளில் வேலைபார்த்த மலாய்ப் பெண்களை ஆட்டிய ஆவிகளைப் பற்றியது. நேரக்கட்டுப்பாட்டுக்கும் கண்காணிப்புக்கும் எதிராக அந்த உடம்புகள் எழுப்பிய எதிர்ப்பு அது என்றார் அவர். நிர்வாகம் அதற்குக் கண்ட மருந்துகளில் ஒன்று பொமோவை அழைத்து ஆட்டைப் பலியிடுவது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் 'மணிச்சித்ரதாழ்' முடியும் விதம் முன்போல நிம்மதி தருவதில்லை. மயக்கம் தெளிந்தவளிடம் நீ யார் என்று கேட்கிறார்கள். கங்கா என்கிறாள், கணவன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறாள். எல்லோருக்கும் கண் கலங்குகிறது. நாகவல்லிக்கு ஒரே ஓர் இரவு தரை கிடைத்தது. மறுநாள் கங்கா மரத்திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அத்தனை அற்புதமாக ஆடிய கால்கள் இனி ஆடுமா என்று நண்பனோ கணவனோ டாக்டரோ கேட்கவில்லை. மாயின் புத்ரியில் குணமானவள் தன் காற்றை மறக்கத் தேவையில்லை, அதற்கு அவ்வப்போது வழிவிட்டால் போதும். சன்னியின் சிகிச்சையோ அந்தக் காற்றையே நோய் என்று எண்ணி வெளியேற்றிவிடுகிறது. இப்படிச் சொல்வதால் படத்தின் பெருமை குறையாது. ஷோபனாவின் ஆட்டம் அவ்வளவு உயிரோடு இருப்பதால்தான் அது நின்றுபோவது இவ்வளவு வலிக்கிறது.

ஷோபனாவுக்கு அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. லலிதா, பத்மினி, ராகினி சகோதரிகளின் உடன்பிறந்தவர் மகள், சென்னையில் பரதநாட்டியம் கற்றவர், இன்றும் ஆடிவருபவர். கங்காவுக்கு மலையாளத்தில் குரல் தந்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் தமிழுக்கும் அவரே குரல் தந்தார் என்று கேரளம் நெடுங்காலம் நம்பியது, அவரும் நம்பினார். முதலில் அவர் குரலில்தான் பதிவு நடந்தது. இரண்டு குரல்களுக்கும் ஒற்றுமை தெரிந்ததால் அந்தப் பகுதியைத் தமிழ்ப் பின்னணிக் கலைஞர் துர்காவைக் கொண்டு மறுபடி பதிவுசெய்ததை ஃபாசில் 2016இல்தான் வெளியே சொன்னார். கேரளத்தை நடுங்கவைத்த அந்தத் தமிழ், மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் ஆயிரம் முறை போலச்செய்யப்பட்ட அந்தக் குரல், 23 ஆண்டுகளாக இன்னொருவர் பெயரில் இருந்தது.